நிலாவுக்குப் போன வாட்ச்சும் தா.பழூர் மச்சானும்

அழகேசனிடம் மணி என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தொலைந்தீர்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், பாவம், தெரியாமல் கேட்டுவிட்டார். மணியைச் சொன்னால் ஒரு வார்த்தையோடு போயிற்று. விடுவானா மனிதன்? கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, இது எந்த வாட்ச்சின் மறுபதிப்பு, அந்தப் பழைய வாட்ச் எந்த வருஷம் எந்த ராக்கெட்டில் போனது, டயலுக்குள்ளே மூன்று சின்ன வட்டங்கள் எதற்கு என்று ஆரம்பித்துவிட்டான். அவர் பஸ்ஸும் போய், அதற்கடுத்த பஸ்ஸும் போய்விட்டது. கடைசி வரைக்கும் மணியை மட்டும் அவன் சொல்லவே இல்லை.

வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற குடும்பத்தில் ஒரே பிள்ளை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையின் லேபில் வேலைக்குச் சேர்ந்தவன், டவுனிலேயே ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கிவிட்டான். அப்பா போன பிறகு அம்மா வீரம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டான்.

வாட்ச்சுப் பைத்தியம் பிடித்ததே அந்த லேபில்தான். சிமெண்டைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அச்சில் வைத்து, மேலே இருந்து ஒரு ஊசியை இறக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். சிமெண்டு இறுகி, ஊசி இறங்க மறுக்கிற நிமிஷத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். லேபில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டாப் வாட்ச் ஒருநாள் உயிரை விட்டது. இவன் செல்போனில் தேடி, பட்டனை அழுத்தினால் முள் ஓடுகிற கைக்கடிகாரம் ஒன்றை வரவழைத்தான். குரோனோகிராஃப் என்று அதற்குப் பெயர். பெட்டிக்குள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. இதே மாதிரி வாட்ச்சைக் கட்டிக்கொண்டுதான் நிலாவுக்குப் போனார்கள் என்று அதில் போட்டிருந்தது. அவ்வளவுதான். ஆள் காலி.

அந்தப் பதினாலு செகண்டுக் கதையை அவன் சொல்லிக் கேட்க வேண்டும். ஐம்பத்துச் சொச்ச வருஷத்துக்கு முன்னால் நிலாவுக்குப் போன கப்பல் ஒன்றில் பாதி வழியில் டேங்க் வெடித்துவிட்டது. கரண்டை மிச்சம் பிடிக்க உள்ளே இருந்ததையெல்லாம் அணைத்துவிட்டார்கள். எஞ்சினைச் சரியாகப் பதினாலு செகண்ட் எரித்தால்தான் பூமிக்கு வந்து சேரும் பாதை கிடைக்கும். அந்தப் பதினாலு செகண்டை எதை வைத்து எடுத்தார்கள்? கையில் கட்டியிருந்த வாட்ச்சை வைத்து! இந்த இடத்தில் அழகேசனுக்குப் புல்லரித்துவிடும். சலூன்காரரிடம் சொன்னான், காஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னான், மாரியம்மன் கோயில் கஞ்சி வரிசையில் நின்றுகொண்டு முன்னாலும் பின்னாலும் சொன்னான்.

ஒன்று மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, இருபத்து மூன்றில் வந்து நின்றது. எல்லாம் விண்வெளிக்குப் போன பழைய வாட்ச்சுகளை அதே கம்பெனி மறுபடி அச்சு அசலாகச் செய்து விற்கிற மறுபதிப்பு. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால், சாவி கொடுக்கிற ரகங்களுக்கெல்லாம் வரிசையாகச் சாவி கொடுப்பான். கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசையைத் தொட்டுத் துணியால் தேய்ப்பான். அவன் பல்லை விட வாட்ச்சுக்குத்தான் பேஸ்ட் அதிகம் செலவாகிறது என்பது வீரம்மாளின் புகார். “ஏண்டா, ஒரு கழுத்துல தாலி கட்ட வக்கில்ல, ரெண்டு கையிக்கு இருவத்திமூணு வாட்ச்சா?” என்று அந்த அம்மாள் கேட்காத நாள் கிடையாது.

இதெல்லாம் கூடப் போகட்டும். அவனிடம் இன்னொரு வியாதி இருந்தது. எந்தக் கையில் வாட்ச்சைப் பார்த்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துவிடுவான். போலி என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. ஆலை மேனேஜர் தன் பிறந்தநாளன்று ஆசையாக ஒரு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, “சார், இது டூப்ளிகேட்டு” என்று சொல்லி, மூன்று மாசம் தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்த்தவன் இவன். அப்போதும் திருந்தவில்லை. வாட்ச் விஷயத்தில் பொய் சொல்வது அவனுக்குச் சாப்பாட்டில் மண்ணைப் போடுவது மாதிரி.

அப்படிப்பட்டவனுக்கும் ஒருத்தி வந்தாள், பாருங்கள்.

அரியலூர்த் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் இருந்தவள் பூங்குழலி. ஊர் தா.பழூர். வயது முப்பத்து மூன்று. தபால்காரர் பார்சலை வீட்டுக்குக் கொண்டுபோகிற நேரமெல்லாம் அழகேசன் ஷிஃப்டில் இருப்பதால், அவனே கவுண்டருக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவான். ஏழாவது பார்சலன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு எத்தன கையி?”

அவன் அங்கேயே பெட்டியைப் பிரித்துவிட்டான். டேங்க் வெடித்தது, எஞ்சின் எரிந்தது, பதினாலு செகண்ட் என்று முழுக் கதையும் ஓடியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். பூங்குழலி கையை நீட்டி அந்த மேல் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினாள். நீள முள் விருட்டென்று கிளம்பி ஓடவும், “ஐயோ, போவுதே!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அழகேசன் விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஒரே ஆர்டரில் வாங்க வேண்டிய நாலு ஸ்ட்ராப்பை நாலு ஆர்டராகப் போட்டான். நாலு பார்சல், நாலு தடவை கவுண்டர். ஐந்தாவது பார்சலில் வெறும் துடைக்கிற துணி மட்டும் இருந்தது. பூங்குழலி அதை எடை போட்டுப் பார்த்துவிட்டு, “ஏங்க, இதுக்கு மேல காத்த வரவழைக்கப் போறீங்களா? எங்க வூட்ல வந்து பேசுங்க” என்றாள். அன்றைக்கு அவன் சைக்கிள் ஸ்டாண்டில் தன் பைக்கைத் தேடிக் கால் மணி நேரம் அலைந்தான். பைக்கில் அவன் வரவே இல்லை, பஸ்ஸில்தான் வந்திருந்தான்.

தா.பழூரில் பெண் பார்க்கும் நாள். பூங்குழலிக்கு அப்பா இல்லை. அண்ணன் அறிவரசன்தான் எல்லாம். நெல் அறுக்கிற மிஷின் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். பத்து வயலுக்குக் கேட்கிற குரல், அதே அளவுக்கு ரோஷம். பங்காளிகள் கூடம் நிறைய உட்கார்ந்திருக்க, கேசரியும் பஜ்ஜியும் வந்தன. அறிவரசன் தன் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாப்ள, உங்களுக்கு வாட்ச்சுன்னா உசுருன்னு தங்கச்சி சொல்லுச்சு. இதப் பாருங்க. கூட்டாளி சிங்கப்பூர்லேந்து கொண்டாந்தது.”

பக்கத்தில் இருந்த வீரம்மாள் மகன் தொடையைக் கிள்ளினாள். பிரயோஜனம் இல்லை. லென்ஸ் வெளியே வந்துவிட்டது.

“டூப்ளிகேட்டுங்க” என்றான் அழகேசன். அதோடு நின்றானா? இந்தச் சின்ன வட்டத்து முள் வெறும் பெயிண்ட், இந்த எழுத்து கோணல், இந்தப் பட்டன் சும்மா ஒட்டவைத்தது என்று ஐந்து காரணத்தை விரல்விட்டு எண்ணினான். ஐந்தாவது காரணத்துக்கு வரும்போதுதான் கூடத்தில் ஒருவரும் பஜ்ஜி தின்னவில்லை என்பதைக் கவனித்தான். அறிவரசன் முகம் கறுத்துப்போயிருந்தது. பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் விஷம்.

மறுநாளிலிருந்து தா.பழூர் டீக்கடையில் அவருக்கு ‘டூப்ளிகேட் அறிவரசன்’ என்று பேர் விழுந்துவிட்டது. “உன் அறுப்பு மிஷினாச்சும் ஒரிஜினலாப்பா?” என்று கேட்டார்கள். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. அழகேசன் கவுண்டருக்குப் போனான். அவனைக் கண்டதும் பூங்குழலி ‘கவுண்டர் மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைத் திருப்பி வைத்தாள். மூன்றாவது நாள்தான் வாயைத் திறந்தாள்.

“நீங்க சொன்னது பொய்யில்ல. ஆனா, எங்கண்ணன் அப்பாவுக்கு அப்பாவா இருந்து என்னைப் படிக்க வச்சவரு. அவர ஊரு சிரிக்குது. உங்களுக்கு அந்த முள்ளு தெரிஞ்சுது, பக்கத்துல இருந்த அவரு மூஞ்சி தெரியலையே?”

அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒருநாள் சாவி கொடுக்கக்கூட மறந்து, வரிசையாக எல்லா வாட்ச்சும் நின்றுபோயிற்று. பத்து மாசம் இப்படியே ஓடியது. கடைசியில் அறுவடை நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தா.பழூருக்குப் போய், வரப்பில் நின்று, ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்கு நேரே கையைக் கூப்பினான். அறிவரசன் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“மச்சான், நான் பண்ணது தப்பு. பத்துப் பேரு முன்னாடி அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க.”

அதோடு திரும்பி வந்திருக்கலாம். வந்தானா?

“ஆனா, அது டூப்ளிகேட்டுதாங்க” என்றும் சொன்னான்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அறிவரசன் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முதுகு மட்டும் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறது என்றுதான் அழகேசன் நினைத்தான். எல்லாம் முடிந்தது என்று நடந்தே வந்து பஸ் ஏறினான். ஆனால் ஒரு வாரத்தில் சம்மதம் என்று ஆள் வந்தது. எப்படி, ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, வீட்டுக்குள்ளேயே ஒரு ஆட்டம் போட்டான்.

வைகாசியில் அரியலூர் மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். காலையிலேயே வீரம்மாள் மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைப் பையைத் துழாவி லென்ஸைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். “தாலி ஏறுற வரைக்கும் வாய வச்சுகிட்டு சும்மா இருடா, ராசா. உனக்குக் கோடிப் புண்ணியம்.”

“பேசவே மாட்டேம்மா” என்றான். மனசாரத்தான் சொன்னான்.

மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தாயிற்று. இந்தப் பக்கத்து வழக்கப்படி தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, வாட்ச் கட்டவேண்டும். மச்சான் முறை. அறிவரசன் வேட்டி சரசரக்க மேடை ஏறினார். மாலை போட்டார். மோதிரம் போட்டார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, பாட்டுக் கச்சேரிக்காரரிடமிருந்து மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம்! நம்ம மாப்ள அன்னிக்கு என் வாட்ச்சப் பாத்து டூப்ளிகேட்டுன்னு சொன்னது ஊருக்கே தெரியும். டீக்கடையில எனக்குப் பேரே வச்சுட்டானுவ. இன்னிக்கு மாப்ளைக்கு நான் ஒரு வாட்ச்சு வாங்கியாந்துருக்கேன். அவரே பாத்து, எல்லாரு முன்னாடியும் சொல்லட்டும்!”

தா.பழூர்க் கூட்டம் விசில் அடித்தது. பெட்டி திறந்தது. அந்த வாட்ச்! விண்வெளி வீரர் ஒருவரின் வாட்ச் கண்ணாடி நிலாவில் கழன்று விழுந்துவிட, கூடவே கொண்டுபோயிருந்த சொந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு அவர் கடைசி நடை நடந்தாரே, அதன் மறுபதிப்பு. கல்யாணச் செலவால் அவன் தள்ளிப்போட்டது. பூங்குழலியிடம் மணிக்கணக்கில் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. ஆசையாகக் கையில் வாங்கினான். பட்டனை அழுத்தினான்.

அழுத்தினான். இன்னொரு தடவை அழுத்தினான். முள் அசையவே இல்லை.

லென்ஸ் எதற்கு? வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சின்ன வட்டத்து முட்கள் மூன்றும் பெயிண்ட். அசல் போலி. நிமிர்ந்து பார்த்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவரசன் முகமெல்லாம் பல்லாக நிற்கிறார். மனிதரை மறுபடியும் எவனோ ஏமாற்றியிருக்கிறான். ஊரே பார்க்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் தா.பழூரில் தலைகாட்ட முடியாது. இந்தக் கல்யாணம் இருக்குமோ, போகுமோ. பக்கத்தில் பூங்குழலி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். கீழே முதல் வரிசையில் வீரம்மாள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க மாப்ள! ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?”

‘டூ’ என்று உதடு குவிந்தேவிட்டது. அழகேசன் எச்சிலை விழுங்கினான். எதிரே இருந்த முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான்.

“ஒரிஜினல்!” என்றான் மைக்கில்.

மண்டபம் ஓவென்று கத்தியது. உண்மையையே அளவோடு சொல்லத் தெரியாதவன், பொய்யை மட்டும் அளவோடு சொல்வானா? “நூத்துக்கு நூறு ஒரிஜினல்! இந்த முள்ளப் பாருங்க, என்னா நேர்த்தி! என் சர்வீஸ்ல இப்புடி ஒரு ஒரிஜினல நான் பாத்ததே இல்ல!” என்று அடித்து விட்டான். மேளக்காரர் குஷியில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆனால் அறிவரசன் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோயிற்று. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

“யோவ் மாப்ள, என்னய்யா இப்புடிக் கவுத்துட்டீரு? அது டூப்ளிகேட்டுய்யா!”

“தெரியும் மச்சான்.”

“தெரியுமா? தெரிஞ்சுமா ஒரிஜினல்னு அடிச்சு விட்டீரு? யோவ், நான் திருச்சி பிளாட்பாரத்துல தேடிப் புடிச்சு வாங்குனதுய்யா அது. நீரு டூப்ளிகேட்டுன்னு சொல்லுவீரு, ‘பாத்தீங்களாடா எங்க மாப்ள கண்ண, எந்தக் கொம்பனும் அவர ஏமாத்த முடியாது, என் தங்கச்சி போற எடம் அப்பேர்ப்பட்ட எடம்’னு நான் மைக்குல சொல்லி, ஒரிஜினல எடுத்துக் கட்டலாம்னு ஜோப்புல வச்சுகிட்டு நிக்கிறேன்! அன்னிக்கு வரப்புல நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு, கூடவே டூப்ளிகேட்டுதான்னும் சொன்ன ஆளாச்சேன்னு நம்புனேன். சிரிச்சு சிரிச்சு அன்னிக்கே வயிறு வலிச்சுப்போச்சுய்யா எனக்கு. இன்னிக்குன்னு பாத்தா பொய் சொல்லுவீரு?”

அழகேசன் திருதிருவென்று விழித்தான். தன்னைக் கேவலப்படுத்திய கண்ணையே ஊர் முன்னால் உயர்த்திக் காட்ட நினைத்த மனிதரை அவன் அப்போதுதான் முழுசாகப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“என்ன ரெண்டு பேரும் குசுகுசுங்கறீங்க? முகூர்த்தம் போயிண்டிருக்கு!” என்றார் ஐயர்.

அழகேசன் மைக்கைப் பிடுங்கினான்.

“எல்லாரும் மன்னிக்கணும். நான் இப்ப சொன்னது பொய்யி. இது டூப்ளிகேட்டுதான். மச்சான் மனசு நோகும்னு சொல்லிப்புட்டேன். அவரு என்னைச் சோதிக்கத் தெரிஞ்சேதான் வாங்கியிருக்காரு. வாட்ச்சு விஷயத்துல இனிமே என்னை விட அவருதான் கெட்டிக்காரரு!”

அறிவரசன் ஜோப்பிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து உயர்த்திக் காட்டினார். கூட்டம் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. தா.பழூர்ப் பெரியவர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று, “அப்ப எதுதாம்ப்பா ஒரிஜினலு? மாப்ளையாச்சும் ஒரிஜினலா?” என்று கத்தினார். அதற்கு இன்னொரு ஐந்து நிமிஷம். அறிவரசன் அசல் வாட்ச்சை இடது கையில் கட்டிவிட்டு, போலியைப் பெட்டிக்குள் போடப் பார்த்தார். அழகேசன் விடவில்லை. வலது கையை நீட்டினான்.

“இதுவும் மச்சான் மொறையில வந்ததுதான். கட்டுங்க.”

அறிவரசன் கட்டிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார். துண்டு தோளிலேயே இருந்தது.

கெட்டி மேளம் முழங்க, இரண்டு கையிலும் வாட்ச்சோடு அழகேசன் தாலி கட்டினான். அட்சதை மழையாகக் கொட்டியது. அந்த இரைச்சலில் பூங்குழலி தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“எனக்கு எல்லாம் தெரியும். ஒரிஜினல் பார்சலு என் கவுண்டருக்குத்தான் வந்துச்சு. வாங்க வந்தப்பவே அண்ணன் திட்டத்தச் சொல்லிட்டாரு.”

“அடிப் பாவி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க என்னா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா? ஒரு வருஷமா ஒரே பயங்க. இந்த மனுசனுக்கு முள்ளு தெரியும், எழுத்து தெரியும், எதிர்ல இருக்கற மூஞ்சி தெரியாதேன்னு. இவரோட எப்புடிக் காலந்தள்ளப் போறோம்னு. இப்ப அந்தப் பொய்யச் சொல்றதுக்கு முன்னாடி எங்கண்ணன் மூஞ்சியப் பாத்தீங்க. நான் ஓரக்கண்ணால பாத்துகிட்டேதான் இருந்தேன்.”

அழகேசன் இரண்டு வாட்ச் கட்டிய இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதான். ஐயர் எழுந்திருக்கச் சொல்லி இரண்டு தடவை அதட்டிய பிறகுதான் எழுந்தான்.